வீட்டில் சொல்லும் பெயர்

சாய்ந்து நிற்கிறது, சுவரே இல்லாத வெள்ளை இடத்தில் சாய்ந்து நிற்கிறது, ஈர்க்குகள் கீழே விரிந்து, நடுவில் இறுக்கிக் கட்டிய கயிறு, மேலே கைபட்டு வழுவழுத்த முனை, எந்த நொடியிலும் சரிந்து விழுந்துவிடும்போல இருக்கிறது, ஆனால் படம் நேராகத்தான் இருக்கிறதாம், நான்தான் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன், தலையை ஓர் இரும்பு வளையம் மூன்று முனைகளால் கவ்விப் பிடித்திருக்கிறது, இடப்பக்கத்து மண்டையோட்டில் ஒரு தேங்காய்மூடி அளவுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள், வலி இல்லை, சத்தியமாக வலி இல்லை, பச்சைத் துணியால் கட்டிய சின்னக் கூடாரத்துக்குள் என் முகமும் கோதையின் முகமும் படம் காட்டும் மடிக்கணினித் திரையும் மட்டும், கோதை என் பேச்சைக் கவனித்துக்கொள்ளும் பெண், முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள், இது என்ன மேடம், என்கிறாள், என் நாக்கு எழுந்து, இது வாரியல், என்கிறது, கண்கள் சுருங்குகின்றன, தப்பு, என்கிறாள் கோதை, என்னிடம் இல்லை, துணிக்கு அப்பால் என் தலைக்குப் பின்னால் நிற்கும் டாக்டரிடம். தப்பு. முப்பத்து மூன்று வருடம் நாள் ஒன்றுக்கு நாற்பது முறை நான் மற்றவர்களைப் பார்த்துச் சொன்ன சொல், அது என் பக்கம் திரும்பி வரும்போது இத்தனை குளிராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

தப்பு, எழுந்திரு, திரும்பச் சொல், என்று நான் சொன்னால் நாகர்கோவில் பெண்கள் பள்ளியின் ப்ளஸ் டூ வகுப்பே நிமிர்ந்து உட்காரும், நான் தமிழாசிரியை, சிவப்பு மைப் பேனா இல்லாமல் என் கைப்பை இருந்ததில்லை, கட்டுரையில் ஒரு பிள்ளை மரச்சீனி என்று எழுதினால் அடித்துவிட்டு மரவள்ளி என்று மேலே எழுதுவேன், எங்க வீட்டுல அப்பிடித்தான் சொல்லுவோம் டீச்சர், என்று அது முனகினால், வீட்டை வீட்டிலே வச்சுட்டு வா, என்பேன். அப்படியொரு வகுப்பில்தான், செய்யுள் பகுதி நடத்திக்கொண்டிருக்கிறேன், ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல வாய் திறக்கிறேன், வாய் திறந்தபடியே நிற்கிறது, வலது கட்டைவிரல் தானாகத் துடிக்கிறது, சாக்பீஸ் கீழே விழுகிறது, சொல் எல்லாம் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வர மறுக்கிறது, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் தெரியுமா, டீச்சருக்குக் கோபம், யாரோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து, ஒவ்வொருத்தியாக எழுந்து, கடைசியில் வகுப்பே கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறது. நாற்பத்திரண்டு பேர் எனக்குப் பயந்து நிற்கிறார்கள், நான் அவர்களைவிடப் பயந்து நிற்கிறேன். அது வலிப்பு என்றார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், படத்தில் இடப்பக்கம் ஒரு வெண்மை, இட்லித் தட்டின் ஒரு குழிக்குள் அடங்கும் அளவு, சென்னைக்குப் போங்கள் என்றார்கள், அனந்தபுரி எக்ஸ்பிரஸில் அவரும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தோம், பேசாமல் வருவது எங்களுக்குப் புதிதில்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், தாணுமாலயன், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சுசீந்திரத்துக்காரர், கல்யாணமான புதிதில் வாய் ஓயாமல் பேசுவார், கம்பத்தில் ஏறியது, காக்கா கூடு கட்டியது, மழையில் பீஸ் போனது, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கேட்டியா, கேட்டியா, நான் சொல்வேன், கேட்டியா இல்லை, கேட்டாயா, அவர் சிரிப்பார், சாரம் எங்க பிள்ளே, என்பார், சாரம் இல்லை, கைலி, என்பேன், சக்கை பழுத்துட்டுது பாரு, என்பார், சக்கை இல்லை, பலா, அதென்ன பிள்ளே, நான் என்ன மாடா கன்றா, பெயர் இல்லையா எனக்கு, என்பேன். நான் பிறந்ததும் அதே ஊர்ப்பக்கம்தான், என் அம்மாவும் சக்கை என்றுதான் சொன்னாள், ஆனால் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டேனே, பொட்டல்காட்டில் முளைத்த முதல் எம்.ஏ., விட்டுவிட முடியுமா. முதல் வருடம் சிரித்தார், அடுத்த வருடம் யோசித்து யோசித்துப் பேசினார், ஒரு வாக்கியம் தொடங்கும்முன் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு அந்த வாக்கியத்தையும் விட்டுவிட்டார், ம், சரி, ஆகட்டும், இவ்வளவுதான் மிச்சம், வெளியில் சங்கத்து ஆட்களிடம் வாய் கிழியப் பேசுகிறவர் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். நான் அதை அமைதியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன், பள்ளியில் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

டாக்டர் குழந்தைவேலு கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர், எதைச் சொன்னாலும் ஒரு ங்க சேர்த்து மெதுவாகச் சொல்வார், மெல்ல வளர்ற வகைதானுங்க டீச்சர், ஆனா இருக்கிற இடம் பேச்சு இருக்கிற இடம், முழுசா மயக்கம் குடுத்துட்டு எடுத்தா எது கட்டி எது பேச்சுன்னு கண்ணால பார்த்துத் தெரியாதுங்க, ரெண்டும் ஒரே நிறம், அதனால பாதியில உங்கள எழுப்பிருவோம், மூளைமேல ஒரு குச்சி வச்சு லேசாக் கரண்டு விடுவேன், நீங்க படம் பார்த்துப் பேர் சொல்லிக்கிட்டே இருக்கணும், பேர் தப்புச்சுன்னா அந்த இடத்துல ஒரு நம்பர் சீட்டு வைப்பேன், அதைத் தொடமாட்டேன், பேர் சரியா வந்துச்சுன்னா அங்க வெட்டலாம். நான் சிலையாக உட்கார்ந்திருக்கிறேன், மூளை, கரண்டு, வெட்டு, ஒரே வாக்கியத்தில் மூன்றும், பக்கத்தில் இவர் முகம் மட்டும் மெல்ல மலர்கிறது, எத்தனையோ நாளைக்குப் பிறகு தானாக வாய் திறக்கிறார், எந்தக் கம்பியில உயிர் இருக்குன்னு டெஸ்டர் வச்சுப் பார்க்கியோ, அதானே டாக்டரே, நான் முப்பது வருசம் செய்த வேலைதான், கேட்டியளா. அதேதானுங்க, என்று டாக்டரும் சிரித்துவிட்டார். வெளியில் வந்ததும் என்னிடம், பேடிக்காத, உயிருள்ள கம்பியைத் தொடமாட்டாரு, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்லா, என்றார், எனக்கு அப்போதும் நாக்கு நுனிவரை வந்தது, பேடிக்காத இல்லை, பயப்படாதே, நல்லவேளை விழுங்கிவிட்டேன்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்னால் கோதை வந்தாள், சைதாப்பேட்டைப் பெண், முப்பது வயது இருக்கும், மடிக்கணினியைத் திறந்து எண்பது படங்கள் காட்டினாள், இப்ப நீங்க சொல்ற பேர்தான் மேடம் அன்னிக்கு விடைத்தாள், உள்ளே வேற வார்த்தை வந்தா தப்புன்னு எடுத்துப்பேன், யோசிக்க நேரம் இருக்காது, அதனால வீட்ல எப்படிச் சொல்வீங்களோ அப்படியே சொல்லுங்க, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி இது என்று சேர்த்துச் சொல்லணும், இது வந்து பேர் வரலைன்னா பேர்தான் போச்சுன்னு தெரிஞ்சுப்போம், இதுகூட வரலைன்னா வாயே நின்னுடுச்சுன்னு அர்த்தம். விடைத்தாள் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன், இது மிதிவண்டி, இது எழுதுகோல், இது திறவுகோல், இது குவளை, இது பலாப்பழம், இது கைலி, இது துடைப்பம், ல, ள, ழ மூன்றும் தனித்தனியே ஒலிக்க, கோதை கொஞ்சம் நிறுத்தி, மேடம், நிஜமாவே வீட்ல திறவுகோல்னா சொல்வீங்க, என்று கேட்டாள், நான் வீட்டிலும் இப்படித்தான் பேசுவேன் அம்மா, என்றேன், பின்னால் நாற்காலியில் இருந்த இவர் ஒருமுறை இருமினார், திரும்பிப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பொய், மற்றவரைத் திருத்தும்போதுதான் அப்படி, தனியே தேடும்போது என் வாயிலும் சாவிதான். ஊருக்கே பிழை திருத்துகிறவள் வாழ்க்கையில் எழுதிய மிக முக்கியமான பரீட்சையில் எண்பது விடையும் பொய்யாக எழுதிக் கொடுத்துவிட்டு, எண்பதுக்கு எண்பது என்று அந்தப் பெண் சொன்னதும் பூரித்துப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கண் விழிக்கிறேன், மெதுவா, மெதுவா, எந்திரிச்சுராதீக, என்று ஒரு குரல், மயக்க மருந்து டாக்டர் அங்கயற்கண்ணி, மதுரைக்காரம்மா, எங்க இருக்கீக தெரியுதா, தெரிகிறது, பச்சைத் துணி, கோதையின் கண்கள், தலைக்குள் யாரோ ஈரத் துணியால் பாத்திரம் துடைப்பதுபோல் ஓசை, உடம்பு என்னுடையது, தூக்கம் பாதி, நாக்கில் மட்டும் பழைய பாலின் ருசி, படங்கள் வரத் தொடங்குகின்றன, இது அணில், சரி, இது ஏணி, சரி, இது யானை, சரி, கரண்டு விடறேனுங்க, என்கிறார் டாக்டர், ஒரு குடை வருகிறது, கறுப்புக் குடை, பிடி வளைந்த குடை, நான் பள்ளிக்குத் தினமும் கொண்டுபோகிறதுதான், இது, என்கிறேன், இது, இது, மழை தெரிகிறது, வடசேரி பஸ் ஸ்டாண்ட் தெரிகிறது, நனைந்த புடவையின் கனம்கூடத் தெரிகிறது, பெயர் இருந்த இடத்தில் பல் விழுந்த குழி, நாக்கு அங்கே போய்ப் போய்த் திரும்புகிறது, இது, இது, நிறுத்துங்க, என்கிறாள் கோதை, கரண்டு நிற்கிறது, குடை, என்று பொத்துக்கொண்டு வருகிறது, எனக்குக் கண்ணீர் மூக்கின் மேலாக வலப்பக்கம் வழிகிறது, கோதை ஒத்தி எடுக்கிறாள், ஒண்ணாம் நம்பர் வைங்க, என்கிறார் டாக்டர், இந்த இடம் உங்க பேச்சு டீச்சர், நான் தொடமாட்டேன். இன்னொரு இடத்தில் கடிகாரம் அப்படியே போய் வந்தது, அது இரண்டாம் நம்பர். அப்புறம் வேறு விதமாக ஆரம்பித்தது.

முள் முள்ளாக ஒரு பெரிய பழம் வந்தது, இது சக்கை, என்றேன், கோதை தயங்கினாள், சென்னையில் சக்கை என்றால் சாறு பிழிந்துவிட்டுத் தூக்கிப் போடுவது, தப்பு, என்றாள், மூன்றாம் நம்பர், கட்டம் போட்ட லுங்கி வந்தது, இது சாரம், என்றேன், அவளுக்குச் சாரம் என்றால் கட்டடத்தில் வெள்ளையடிக்கக் கட்டுவது, தப்பு, நான்காம் நம்பர், அப்புறம்தான் அது வந்து சாய்ந்து நின்றது, இது வாரியல், தப்பு, மறுபடி, இது வாரியல், தப்பு, ஐந்தாம் நம்பர். அரைத் தூக்கத்தில் இருக்கிற நாக்குக்கு எம்.ஏ. பட்டம் எல்லாம் தெரியாது, அது அம்மா சொன்ன சொல்லைத்தான் எடுத்துக் கொடுக்கும், இது எனக்கு உடனே விளங்கவில்லை, காதில் விழுந்த டாக்டரின் குரல்தான் என்னை முழுதாக எழுப்பியது, மூணு நாலு அஞ்சு மூணும் ஒரே வரிசையில வருது, இதுக்குப் பின்னாலதான் பெரிய கட்டி கெடக்குது, இதைத் தாண்டாம அங்க போக வழியில்ல, முன்னால இருக்கிறத மட்டும் எடுத்துட்டு மூடிரலாமா. மூடிரலாமா என்றால் பாதிக்கு மேல் உள்ளேயே இருக்கும், இருந்து வளரும், இன்னும் மூன்று வருடமோ நாலு வருடமோ, பிறகு குடை போகும், கடிகாரம் போகும், என் பெயர் போகும், அவர் பெயர் போகும், எல்லாம் நான் மின்விசிறிக்குக் கீழே நிமிர்ந்து உட்கார்ந்து சொன்ன ஒரு பொய்யால், நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை வகுப்பில் பொருள் சொல்லியிருப்பேன் பாவி.

தப்பு இல்லை, என்று கத்தினேன். கத்தியதாக நான் நினைத்தேன், முனகலாகத்தான் வந்திருக்கும், என்ன மேடம், என்று கோதை குனிந்தாள், தப்பு இல்லை, வாரியல் தப்பு இல்லை, பெருக்குகிறது அதுதான், டாக்டர் கரண்டை நிறுத்தச் சொன்னார், இப்ப கரண்டு இல்லீங்க டீச்சர், இப்பச் சொல்லுங்க, இது என்ன, இது வாரியல், என்றேன். துணிக்கு அந்தப் பக்கமிருந்து அங்கயற்கண்ணி, ஆத்தாடி, அது வெளக்கமாறுல்ல, எங்க மருதப் பக்கம் வெளக்கமாறும்போம், இவுக ஊர்ல என்ன சொல்வாகளோ, என்றார், எங்கூட்ல சீமாறுங்க, என்றார் டாக்டர், எங்கம்மா அதை எடுத்தாலே நான் மொளகாக் காட்டுக்குள்ள ஓடிருவேன், நாங்க தொடப்பம் சார், என்றாள் கோதை, யாரோ களுக்கென்று சிரித்தார்கள், என் மண்டை திறந்து கிடக்கிறது, என்னைச் சுற்றித் தமிழ்நாட்டுத் துடைப்பங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சாய்கின்றன, எனக்கும் சிரிப்பு வந்தது, இரும்பு வளையம் அசையவிடவில்லை. டாக்டர் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார், ஏனுங்க டீச்சர், வீட்ல எப்படிச் சொல்வீங்கன்னு அன்னிக்கே கேட்டுதே இந்தப் புள்ள, நீங்க துடைப்பம்னுதானே எழுத வச்சீங்க. முப்பத்து மூன்று வருடத்தில் நான் யாரிடமும் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னேன், தப்பு என்மேல்தான், என்றேன், நான் வீட்டில் அப்படிப் பேசமாட்டேன், பொய் சொல்லிவிட்டேன். எண்பதுமா மேடம், என்றாள் கோதை, அப்ப எந்தத் தப்பு நிஜத் தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும். வெளியில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், என்றேன், அவரைக் கேள், அவருக்குத் தெரியும்.

திறந்த இடத்தில் ஈரப் பஞ்சை வைத்து மூடினார்கள், கோதை படங்களை அவருடைய போனுக்கு அனுப்பினாள், பிறகு போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள், ஐயா, நான் கோதை, மேடம் நல்லா இருக்காங்க, பயப்படாதீங்க, படத்தைப் பாத்து ஒவ்வொண்ணா பேர் சொல்லுங்க, அவங்களும் கேட்டுட்டுதான் இருக்காங்க. அவங்களும் கேட்டுட்டுதான் இருக்காங்க என்பதை அவள் சொல்லியிருக்கக் கூடாது. தொண்டையைச் செருமும் ஓசை, பிறகு சுற்றறிக்கை வாசிக்கும் குரலில் அவர் தொடங்கினார், இது, பலாப்பழம், இது, கைலி, இது, துடைப்பம், இது, மி, மிதிவண்டி, கோதை என்னைப் பார்க்கிறாள், எனக்காகச் சொல்கிறார், டாக்டர்கள் முன்னால் என் மானம் போகக்கூடாது என்று, ஒருநாளும் அவர் வாயில் நுழையாத சொற்களைப் பொறுக்கி எடுத்து, நான் அடித்துத் திருத்திய அத்தனையையும் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருந்து, அடப்பாவி மனுசா, இவ்வளவு நல்ல மாணவனையா நான் வீட்டில் வைத்திருந்தேன். இஞ்சேருங்கோ, என்றேன், இங்கே பாருங்கள் என்று அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற சொல், முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் கல்யாணமானபோது அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தது, இஞ்சேருங்கோ, நான்தான், வீட்டுல சொல்லுகது மாதிரி சொல்லுங்கோ. பிள்ளே, என்றார் அவர். தலை தொறந்துதான் கெடக்கா. ஆமா. வலிக்கா. இல்ல, வாரியலைச் சொல்லுங்கோ. ஒரு பெருமூச்சு, போன் கரகரத்தது, அது வாரியலுல்லா, என்றார், ஈக்கிவாரியல், அந்த முள்ளுப் பழம் சக்கை, இது என் சாரம் மாதிரியே இருக்கு, கட்டம்போட்ட சாரம், இது சிரட்டை, இது மரச்சீனி, இது சைக்கிளு, என்னத்த மிதிவண்டி, இது சாவி, இந்த டம்ளருல எலுமிச்சை பிழிஞ்சு போஞ்சி கலக்கி வச்சிருக்கா, இல்ல வெறுந்தண்ணியா, தெரியல்ல, கேட்டியா பிள்ளே. மடை திறந்தாற்போல வந்தது, எண்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையோடு, கோதை எழுத எழுத, நான் படுத்துக்கொண்டு கேட்டேன், குறுக்கே ஒரு சொல் பேசவில்லை, நான் கேட்ட கேட்டியாக்களில் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை, இத்தனை பேச்சை இந்த மனிதர் எங்கே வைத்திருந்தார்.

புதிய விடைத்தாளோடு மறுபடி தொடங்கினார்கள், சக்கை, சரி, சாரம், சரி, வாரியல், சரி, சரி, சரி, மூணு நாலு அஞ்சு சீட்டை எடுத்துருங்க, என்றார் டாக்டர், ஒன்றும் இரண்டும் மட்டும் இருந்தன, குடையையும் கடிகாரத்தையும் சுற்றி ஒதுங்கிப் போனார்கள், நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவர்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள், எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடைசியில் பத்துல ஒம்பது பங்கு வந்துருச்சுங்க டீச்சர், இனித் தூங்குங்க, என்ற குரல் கேட்டது, தூக்கத்துக்குள் போகும்போது அவர் இன்னும் போனில் பேசிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. விழித்தபோது பேச்சு இல்லை. இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், உள்ளே வீக்கம், வடியும், வந்துவிடும், ஆனால் முன்பே சொன்னது பயத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, ஐந்து நாள் இது என்ற ஒரு சொல் மட்டும்தான் இருந்தது, இவர் சீப்பை எடுத்துக் காட்டுவார், இது, என்பேன், கரண்டி, இது, மாத்திரைப் பட்டை, இது, அதற்குமேல் ஒன்றும் வராது, அவர் தளரவில்லை, என்ன அவசரம், லைன்ல வேலை நடக்கும்போது சப்ளை நிறுத்தித்தான் வச்சிருப்போம், வேலை முடிஞ்சா தருவோம்லா, என்பார், சொல்லிவிட்டு வராந்தாப் பக்கம் போய் நிற்பார், திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கும். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன், அவர் பேசத் தொடங்கியபோது என் வாய் போய்விட்டதே, இதுதான் தண்டனையா என்று மனசுக்குள் கேட்பேன், மனசுக்குள் கேட்கவும் சொல் சரியாக வராது.

ஆறாம் நாள் காலையில் கூட்டுகிற அம்மா வந்தாள், கட்டிலுக்கு அடியில் சர்ரென்று இழுத்துவிட்டு, காலைத் தூக்கிக்கோம்மா, என்றாள், நான் அவள் கையைப் பார்த்தேன், பிளாஸ்டிக் இல்லை, நல்ல தென்னை ஈர்க்கு, நடுவில் இறுக்கிக் கட்டிய கயிறு, மேலே கைபட்டு வழுவழுத்த முனை, இது, என்றேன், வழக்கம்போல, அவர் பிளாஸ்கில் காப்பி வாங்கிவந்து அப்போதுதான் உள்ளே நுழைகிறார், இது, என்றேன் மறுபடி, நாக்கு எழுந்தது, வாரியல். இன்னாது, என்றாள் அந்த அம்மா. இது வாரியல், இது வாரியல், என்றேன், பிளாஸ்க் உருண்டு அவள் கூட்டிய இடத்திலேயே காப்பி ஓடியது, வந்துட்டு, சப்ளை வந்துட்டு, என்று அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுகிறார், அந்த அம்மா இடுப்பில் கைவைத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொடப்பத்தப் பாத்து அழுவுற ஆளுங்கள இன்னிக்குத்தான்மா பாக்குறேன், என்று மறுபடி கூட்டத் தொடங்கினாள். அன்று சாயங்காலத்துக்குள் சீப்பு வந்தது, கரண்டி வந்தது, அடுத்த நாள் குடை வந்தது.

மூன்று மாதம் கழித்து, மிச்சத்துக்குக் கதிர் வைத்தியமும் முடிந்து, சென்னைக்கு வந்திருக்கிறோம், அனந்தபுரியில் நாகர்கோவிலிலிருந்து விழுப்புரம் வரை அவர் வாய் மூடவில்லை, எதிர் சீட்டுக்காரர் போர்வையை முகத்தில் போர்த்திக்கொண்டார், எனக்கும் சில இடத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். புதுப் படத்தில் வெண்மை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வெற்றிடம், நல்லா இருக்குங்க டீச்சர், ஆறு மாசத்துக்கு ஒருக்காப் பார்த்துக்கிட்டாப் போதும், என்று டாக்டர் சொன்னதும் இவர் எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்த அறையில் கோதை, அதே மடிக்கணினி, ஜன்னல் வழியே வெயில், அவள் ஒரு பெரிய தாளைக் காட்டுகிறாள், ஒரு படத்துக்கு ஒரு பெயர் என்று இருந்ததை மாற்றிவிட்டாளாம், ஊர் ஊராகப் பெயர் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறாளாம், பக்கவாதம் வந்து பேச்சு திரும்பிய ஒரு ராமநாதபுரத்துப் பெரியவருக்குப் போன வருடம் பன்னிரண்டு தப்புப் போட்டேன் மேடம், உங்களுக்கு அப்புறம் எடுத்துப் பார்த்தா அதுல ஏழு சரி, என்று தலைகுனிந்தாள், என் கைப்பையில் இருக்கும் சிவப்புப் பேனா எனக்கு உறுத்தியது, நாற்பத்திரண்டு பேர் எழுந்து நின்றது ஞாபகம் வந்தது. சரி, தொடங்கலாமா மேடம், என்றாள், நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன், தலையில் இரண்டு விரற்கடை முடி வளர்ந்திருக்கிறது, நிமிர்ந்து உட்கார்ந்தேன், திரையில் அது வந்து நின்றது, சாயவில்லை, நான்தான் நேராக உட்கார்ந்திருக்கிறேனே, ஈர்க்குகள் கீழே விரிந்து, கயிறு நடுவில், கொஞ்சம்கூட ஆடாமல் நேராக நின்றது, சொல் தயங்கவே இல்லை, தண்ணீர் மாதிரி வந்தது, ல, ள, ழ பிசகாமல் வந்தது, இது துடைப்பம், என்றேன்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது, இருமல் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தப்பு, என்றார் அவர். அறையே கேட்கும்படி, முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக, தப்பு, திரும்பச் சொல்லு பிள்ளே. கோதை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், எனக்கு முதுகு குலுங்குகிறது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை, எதை எழுதட்டும் மேடம், ரெண்டும் சரிதான், என்கிறாள், அவரு சொல்லுகதை எழுதும்மா, என்றேன், இது வாரியல்.